உள்ளங்கைப் பலகைக்கு ஏன் இவ்வளவு மவுசு?

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாப்ள, இந்தப் பய ஆறாயிரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தாங்கான். படத்தக் காட்டுதான், அதுல ஸ்கிரீனும் இல்ல, கீபோர்டும் இல்ல. வெறும் அட்ட. ஆறாயிரத்துக்கு கம்ப்யூட்டர் எங்க வரும்? எவனும் ஏமாத்துதானா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ராஸ்பெரி பை என்ற பெயர் இப்போது எல்லாக் காலேஜ் பையன்கள் வாயிலும் அடிபடுகிறது. ஆனால் அது என்ன பொருள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மலிவான லேப்டாப் என்பார்கள். பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்பார்கள். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் ஆர்டுயினோ என்ற இன்னொரு பலகையைக் காட்டி, "ஆர்டுயினோவும் அதுவும் ஒண்ணுதான் சார், எது வேணும்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மூன்றும் சரியில்லை. ஏன் சரியில்லை என்பதை அன்றைக்கு அத்தானுக்குச் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

அடுக்களையும் டீக்கடை பெஞ்சும்

வீட்டு அடுக்களையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு ஓர் இடம், மிக்ஸி ஓர் இடம், அரிசி டப்பா பரணில், தண்ணீர்க் குடம் மூலையில். எல்லாம் தனித்தனி. அடுப்பு பழசானால் அடுப்பை மட்டும் மாற்றலாம். மேஜைக் கணினியும் இப்படித்தான். பெட்டியைத் திறந்தால் கணக்குப் போடும் செயலி தனியாக, வேலை நடக்கும்போது தகவலைக் கையில் வைத்திருக்கும் நினைவகம் தனியாக, ஹார்ட் டிஸ்க் தனியாக இருக்கும். எதையும் கழற்றி மாட்டலாம்.

இப்போது ஒரு டீக்கடையை நினையுங்கள். பாய்லர், பால் சட்டி, டிகாக்‌ஷன், சீனி டப்பா, கண்ணாடி கிளாஸ் எல்லாம் ஒரே பெஞ்சில். மாஸ்டர் நின்ற இடத்தைவிட்டு நகராமல் ஐந்து டீ ஆற்றிவிடுவார். அந்த பெஞ்சில் கல்யாண விருந்து சமைக்க முடியாது. ஆனால் இடமும் விறகும் கொஞ்சம்தான் செலவாகும்.

ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினி என்பது இந்த டீக்கடை பெஞ்ச். செயலி, நினைவகம், படம் காட்டும் பகுதி, யுஎஸ்பி துளைகள் எல்லாம் ஏடிஎம் அட்டை அளவுள்ள ஒரே பச்சைப் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். பெரும்பகுதி வேலையைச் செய்வது நடுவில் உள்ள ஒரே கறுப்புச் சதுரம். முன்பு பல இடங்களில் இருந்த பகுதிகளை ஒன்றாகத் திணித்துச் செய்ததால் அதற்கு ஒருங்கிணைந்த சில்லு என்று பெயர். இதில் ஒரு குறையும் உண்டு. பின்னால் நினைவகம் போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ள முடியாது. பலகையையே மாற்ற வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் விரல் நகத்தளவு மெமரி கார்டு. கணினியின் எல்லா உறுப்புகளையும் மேய்த்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் அந்தக் கார்டில்தான் இருக்கும். பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். வேறொரு கார்டைச் செருகினால் அதே பலகை வேறொரு கணினியாக எழுந்து உட்காரும். பிள்ளைகள் இதைச் சோதித்துப் பார்த்து மாய்ந்துபோவார்கள்.

ஆக, இது உண்மையான கணினிதான். டிவியில் ஒரு ஒயரை மாட்டி, பழைய கீபோர்டைச் செருகினால் தமிழில் தட்டச்சு செய்யலாம், இணையம் பார்க்கலாம். அத்தானை யாரும் ஏமாற்றவில்லை.

என் செல்போனிலும் இதுதானே இருக்கிறது?

அத்தான் உடனே இதைக் கேட்டார். ரொம்ப நல்ல கேள்வி. ஆமாம், செல்போனுக்குள்ளும் ஒருங்கிணைந்த சில்லுதான். சொல்லப்போனால் இந்தப் பலகைகள் மலிவாக வந்ததற்குக் காரணமே செல்போனும் டிவி பெட்டிகளும்தான். அவற்றுக்காக இதே வகைச் சில்லுகளைக் கோடிக்கணக்கில் செய்து தள்ளியதால் சில்லின் விலை இறங்கியது. அதன்மேல் திரை இல்லை, பேட்டரி இல்லை, பெட்டி இல்லை என்றால் விலை இன்னும் இறங்கத்தானே செய்யும்?

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. செல்போன் வாடகை வீடு மாதிரி. குடியிருக்கலாம், ஆனால் சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். எந்த மென்பொருள் எதைத் தொடலாம் என்பதைச் செய்தவர்களே பூட்டி வைத்திருக்கிறார்கள். இந்தப் பலகை சொந்த வீடு. சுவரை இடித்துக் கட்டினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தப்பாக இடித்துவிட்டால் கார்டை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இன்னொரு பெரிய வித்தியாசம் பலகையின் ஓரத்தில் வரிசையாக நிற்கிறது.

நாற்பது கம்பிக் கால்கள்

பலகையின் ஒரு விளிம்பில் இரண்டு வரிசையாக 40 சின்னக் கம்பிகள் நிற்கும். ஜிபிஐஓ முனைகள் என்பார்கள். நாற்பதில் 4 மின்சாரம் தருபவை, 8 கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. மிச்சம் 28 முனைகள் நாம் எழுதும் நிரலுக்குக் கட்டுப்பட்டவை. நிரல் என்றால் கணினிக்கு நாம் வரிசையாக எழுதிக்கொடுக்கும் கட்டளைகள். ஒரு முனையில் மின்சாரம் வருகிறதா என்று நிரலால் பார்க்க முடியும். இன்னொரு முனையில் மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் முடியும். இவ்வளவுதான் அதன் வித்தை. ஆனால் இதை வைத்துக்கொண்டு கணினி திரையைவிட்டு வெளியே வந்து உலகத்தைத் தொட்டுவிடுகிறது.

என் மொட்டைமாடியில் இருக்கும் மழைமானியை வைத்துச் சொல்கிறேன். பேப்பரைப் பிரித்ததும் பாபநாசம் அணை 143 அடியில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்க்கிற ஊர்க்காரர்கள் நாம். 2023 டிசம்பர் 17-க்குப் பிறகு இங்கே மழையைப் பற்றி யாருக்கும் அலட்சியம் இல்லை. அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. என் தெருவில் எவ்வளவு பெய்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வருத்தத்தில் செய்ததுதான் இந்த மானி.

மேலே ஒரு புனல். புனலுக்குக் கீழே, பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகை மாதிரி நடுவில் தாங்கிய இரண்டு சின்னக் கரண்டிகள். மழைநீர் ஒரு கரண்டியில் சொட்டும். நிறைந்ததும் பாரம் தாங்காமல் அது கவிழ்ந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுத்த கரண்டியை மேலே கொண்டுவரும். என் மானியில் ஒரு கவிழ்ப்பு என்றால் 0.28 மில்லிமீட்டர் மழை. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். காயல்பட்டினத்து மழைக்கு இந்தக் கரண்டி அன்றைக்கு ஏறக்குறைய 3,400 முறை கவிழ்ந்திருக்க வேண்டும்.

கவிழ்ந்தது கணினிக்கு எப்படித் தெரியும்? சீசாவின் நடுவில் ஒரு பொட்டுக் காந்தம். எதிரே ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் இரண்டு மெல்லிய உலோக இதழ்கள். காந்தம் கடக்கும் நொடியில் இதழ்கள் தொட்டுக்கொள்ளும், கடந்ததும் விலகும். இதழ் ஒன்றிலிருந்து ஒரு ஒயர் பலகையின் ஒரு முனைக்கு, இன்னொன்றிலிருந்து கிரவுண்டுக்கு. சும்மா இருக்கும்போது அந்த முனையில் 3.3 வோல்ட் நிற்கும்படி நிரலில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். இதழ்கள் தொட்டதும் அது பூஜ்யத்துக்கு விழும். விழுந்தால் கணக்கில் ஒன்று கூட்டு. மழைமானி முடிந்தது!

உண்மையில் முடியவில்லை. முதல் தூறலில் பெய்த மழையைப்போல இரண்டு, மூன்று மடங்கு காட்டியது. எவர்சில்வர் டம்ளர் கைதவறித் தரையில் விழுந்தால் ஒரே சத்தமா வருகிறது? டிங், டிங், டிங் என்று துள்ளித்தானே அடங்கும். உலோக இதழ்களும் தொடும்போது அப்படித்தான் துள்ளும். நமக்கு ஒரு தொடுகை, கணினிக்கு ஐந்து. ஒரு தொடுகையை எண்ணியபின் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணை மூடிக்கொள் என்று நிரலில் சேர்த்ததும் கணக்கு சரியானது. அன்றைக்கு ராத்திரி கரண்டி கவிழும் 'டக்' சத்தமும் திரையில் எண் ஏறுவதும் ஒன்றாக நடந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பலகையைக் கையில் எடுத்தவர்கள் அதைக் கீழே வைக்காததற்கு என்ன காரணம் என்று கேட்டால், இந்த மாதிரி ஒரு ராத்திரியைத்தான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. முனைகளுக்கு 3.3 வோல்ட்தான் தாங்கும். தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒலியலை அனுப்பித் தூரம் அளக்கும் உணரி ஒன்றை முன்பு மாட்டினேன். அதன் பதில் ஒயரில் 5 வோல்ட் வரும். தெரியாமல் நேராகச் செருகிவிட்டேன். அந்த முனை செத்துவிட்டது. நடுவில் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சின்ன உறுப்புகளான மின்தடைகள் இரண்டை, 1,000 ஓம், 2,000 ஓம் என்று வைத்திருந்தால் 5 வோல்ட் 3.3 ஆகக் குறைந்திருக்கும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாமான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சின்னது என்றாலும் முழுக் கணினி, பூட்டில்லாதது, வெளியுலகத்தோடு பேசும் கால்கள் உள்ளது.

நீர்ப்பாய்ச்சியும் கணக்கப்பிள்ளையும்

சரி, ஆர்டுயினோவும் இதுவும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னாரே? அதற்கும் முனைகள் உண்டு, அதையும் மழைமானியில் மாட்டலாம். வெளியே பார்க்க இரண்டும் பச்சையோ நீலமோ ஒரு பலகை. குழப்பம் வருவது இயற்கைதான்.

வயல்காட்டு ஆட்கள் இருவரை எடுத்துக்கொள்வோம். கால்வாய் மடையில் நிற்கும் நீர்ப்பாய்ச்சிக்கு ஒரே வேலை. தண்ணீர் வந்தால் திற, வயல் நிறைந்தால் அடை. ராத்திரியோ பகலோ அதே வேலை, நேரம் தவறமாட்டார். பண்ணையில் உட்கார்ந்திருக்கும் கணக்கப்பிள்ளை வேறு. வரவு செலவு எழுதுவார், கடிதம் போடுவார், வந்தவர்களுக்குப் பதில் சொல்வார். ஒரே நேரத்தில் பத்து வேலை. அதனாலேயே மடையை இந்த நொடியில் திற என்றால், "இதோ, இந்த வரியை முடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிடக்கூடும்.

ஆர்டுயினோ நீர்ப்பாய்ச்சி. அந்த வகைக்கு நுண்கட்டுப்படுத்தி என்று பெயர்: இயங்குதளம் இல்லாமல், நாம் எழுதிக்கொடுத்த ஒரே நிரலை மின்சாரம் வந்த நொடியிலிருந்து திரும்பத் திரும்பச் செய்யும் சில்லு. 2005-இல் இத்தாலியில் மாணவர்களுக்காகப் பிறந்தது ஆர்டுயினோ. எங்கும் கிடைக்கும் ஊனோ பலகையில் நினைவகம் வெறும் 2 கிலோபைட். இந்தக் கட்டுரையின் நீளமான பத்தி ஒன்றைக்கூட அதில் முழுதாக வைக்க முடியாது. மடையைத் திறந்து மூட அது தாராளம்.

ராஸ்பெரி பை கணக்கப்பிள்ளை. அளந்த மழையைத் தேதிவாரியாக எழுதிவைக்கும், வரைபடம் போடும், வீட்டு வைஃபையில் யார் செல்போனில் கேட்டாலும் காட்டும். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாத வேலையை மட்டும் அதனிடம் கொடுக்க வேண்டாம். இயங்குதளம் வேறு வேலையில் இருந்தால் தாமதமாகும்.

குழப்பத்தைக் கூட்ட 2021-இல் ராஸ்பெரி பை பிக்கோ என்று ஒன்று 4 டாலருக்கு வந்தது. பெயர் கணக்கப்பிள்ளையுடையது, ஆள் நீர்ப்பாய்ச்சி! அது நுண்கட்டுப்படுத்திதான். டிவியில் மாட்டிப் பார்த்துவிட்டுப் படம் வரவில்லை என்று வருந்த வேண்டாம். வைஃபை உள்ளேயே இருக்கும் ஈஎஸ்பி32-வும் இந்த வகைதான், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பல வீட்டு வேலைகளுக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். மாடியில் அது எண்ணட்டும், கீழே பை கணக்கு எழுதட்டும் என்று இரண்டையும் சேர்த்து வைப்பவர்களும் உண்டு.

விலை ஏன் முக்கியம்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகள் 2000-க்குப் பிறகு குறைந்துகொண்டே வந்தார்கள். வந்தவர்களுக்கும் கணினியோடு முட்டிமோதிப் பழகிய அனுபவம் இல்லை. அங்கே கணினி அறிவியல் கற்பித்த எபன் அப்டனும் நண்பர்களும் இதை யோசித்தார்கள். 1980-களில் அந்த நாட்டுப் பிள்ளைகளிடம் 1981-இல் வந்த பிபிசி மைக்ரோ போன்ற கணினிகள் இருந்தன. சுவிட்சைப் போட்டதும் 'என்ன எழுதப்போகிறாய்?' என்பதுபோல நிரல் எழுதும் இடத்தில் வந்து நிற்கும். பிறகு வந்த கணினிகள் விலையுயர்ந்தவை. அவை குடும்பச் சொத்து. 'தொடாதே, கெட்டுப்போகும்' என்ற குரலுக்குப் பயந்துதான் பிள்ளைகள் அவற்றைத் தொட்டார்கள்.

அந்தப் பயத்தைப் போக்க அவர்கள் 2009-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று முதல் ராஸ்பெரி பை 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 256 மெகாபைட் நினைவகம், 700 மெகாஹெர்ட்ஸ் வேகம். அந்தக் காலத்துக்கே அது சுமார்தான். ஆனாலும் விற்ற நிறுவனங்களின் இணையதளங்கள் அன்று கூட்டம் தாங்காமல் திணறின. 2015 நவம்பரில் 5 டாலருக்கு ஜீரோ என்று ஒன்றைச் செய்து, தங்கள் பத்திரிகையின் அட்டையோடு இலவசமாகவே ஒட்டிக்கொடுத்தார்கள்.

நம் வீடுகளிலும் அந்தக் குரல் உண்டு. கடன் வாங்கி வாங்கிய லேப்டாப்பில் எந்தப் பிள்ளை துணிந்து இயங்குதளத்தை அழித்துப் பார்க்கும்? கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போனால் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்க்கிற பிள்ளைகள்தான் இவர்கள். அங்கே அமுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை. கெட்டால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய விலையில் ஒரு கணினி வந்தால் அந்த விரல் வீட்டிலும் நீளும். என் பலகையின் முனை செத்தபோது மனசு கஷ்டப்பட்டது, ஆனால் வீட்டில் யாரிடமும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

விலைப்பட்டியலில் போடாத செலவும் உண்டு. டாலர் விலையை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், இங்கே கூடுதலாகத்தான் இருக்கும். அப்புறம் சரியான பவர் அடாப்டர், நல்ல மெமரி கார்டு, ஒயர்கள். எல்லாம் சேர்ந்தால் பலகையின் விலையில் பாதிக்கு வந்து நிற்கும்.

கரண்ட் பில்லில் அதைத் திரும்ப எடுக்கலாம். சின்ன வேலை பார்க்கும் பலகை சுமார் 3 வாட் இழுக்கும் என்று வையுங்கள். இரவு பகலாக இரண்டு மாதம் ஓடினால் நான்கு யூனிட் சொச்சம். அதே வேலைக்கு 60 வாட் மேஜைக் கணினியை விட்டால் 86 யூனிட். இரண்டு மாதத்துக்கு வீட்டுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். எப்போதும் விழித்திருக்க வேண்டிய வேலைக்கு இந்தப் பலகை பொருந்துவது இதனால்தான்.

கரண்ட் போனால்

வெளிநாட்டுக் காணொளிகளில் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை, நம்மூரில் இதுதான் முதல் தொல்லை. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எழுத்து பாதியில் அறுந்து, சில சமயம் கார்டு முழுவதுமே படிக்க முடியாமல் போகும். ஆடிக் காற்றில் கரண்ட் வந்து வந்து போன ஒரு சாயங்காலம் எனக்கு ஒரு மாதக் கணக்கு போயிற்று. இப்போது ரூட்டருக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ் மாதிரி ஒன்றை வைத்திருக்கிறேன். தினமும் ஒரு நகல் வேறு இடத்துக்குப் போகிறது.

அடுத்தது கடிகாரம். ராஸ்பெரி பை 5-க்கு முந்தியவற்றில் அணைந்திருக்கும்போது நேரத்தை வைத்திருக்கும் கடிகாரம் இல்லை. எழுந்ததும் இணையத்தில் நேரம் கேட்டுக்கொள்ளும். பெருமழையில் கரண்டும் இணையமும் சேர்ந்துதானே போகும்? கரண்ட் மட்டும் திரும்பி வந்தால் பலகை தவறான தேதியில் மழையை எழுதிக்கொண்டிருக்கும். பொத்தான் பேட்டரி போட்ட தனிக் கடிகாரத் துண்டு ஒன்றை முனைகளில் மாட்டினால் தீர்ந்தது.

செல்போன் சார்ஜரும் மெல்லிய ஒயரும் போட்டு ஓட்டுவார்கள். மின்னழுத்தம் குறைந்தால் திரை ஓரத்தில் மின்னல் படம் ஒன்று தெரியும், அதைக் கண்டால் அடாப்டரை மாற்றுங்கள். 80 டிகிரி சூட்டைத் தொட்டால் செயலி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் வைத்து மாடியில் விட வேண்டாம்.

அத்தான் எடுத்த முடிவு

படிப்புக்கு, டைப் அடிக்க, காலேஜ் வேலைக்கு என்றால் ஒரு பழைய லேப்டாப்பே மேல் என்று அத்தானிடம் ஒளிக்காமல் சொன்னேன். பயலிடம் ஏற்கெனவே லேப்டாப் இருந்தது. அதனால் ஆறாயிரம் வேண்டாம், ஜீரோ வகையில் ஒன்று, கூடவே கார்டு, அடாப்டர், பத்து எல்இடி, கொஞ்சம் மின்தடை என்று முடிவானது.

சாமான் வந்த அன்றைக்கு ராத்திரி போயிருந்தேன். 17 என்று எண்ணிட்ட முனையிலிருந்து 330 ஓம் மின்தடை வழியாக ஒரு சிவப்பு எல்இடி, அதன் மறுகால் கிரவுண்டில். பயல் லேப்டாப்பிலிருந்து ஆறே வரி நிரல் எழுதி அனுப்பினான். எரிந்தது, அணைந்தது, எரிந்தது. அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுக்கா இத்தன பாடு?" என்றாள்.

அத்தான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "மாப்ள, இந்த லைட்டுக்குப் பதிலா மோட்டாரு சுவிட்ச மாட்டுனா, டேங்க் நெறஞ்சதும் தானா நிக்குமா?"

நிற்கும் என்றேன். நடுவில் ரிலே வேண்டும், அதாவது சின்ன மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். 230 வோல்ட் பக்கத்தைப் பயல் தொடக் கூடாது, எலக்ட்ரீஷியன் அண்ணாச்சிதான் தொட வேண்டும். அதற்குக் கணக்கப்பிள்ளையும் தேவையில்லை, சில நூறு ரூபாய் நீர்ப்பாய்ச்சி போதும்.

"அப்ப டேங்க்ல எம்புட்டு நேரத்துக்கு தண்ணி ஏறுதுன்னு மொதல்ல பாப்போம்" என்று அத்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். பயல் நோட்டும் பேனாவுமாகப் பின்னாலேயே போனான்.